செருப்பில்லாமல் கட்டிய உள்சோல்

ஏழுமலையான் தயவில் இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய் வருகிறேன். வலது காலில் பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. பார்க்கிறவர்கள் எப்படி என்று கேட்டால் சர்க்கரை என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது பாதிதான் உண்மை. மீதியைப் புரட்டாசிக்குத் திருப்பதி நடக்கப்போகும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். சொல் பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரும் ஏழுமலைதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. லாரியில் ஏறும் சரக்கைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். கீழே சிமெண்ட் தரை, காலில் முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாத்திரை போடுவேன், சில நாள் மறந்துபோவேன்.

என் மகள் ரேவதிக்குப் பதினைந்து வயதில் டெங்கு வந்தது. பிழைப்பாளா என்று டாக்டரே உறுதி சொல்லாத நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். ஏழு வருஷம், புரட்டாசி தவறாமல், காலில் செருப்பில்லாமல் உன் மலைக்கு நடந்து வருகிறேன் பெருமாளே என்று. குழந்தை பிழைத்தாள். ஆறு வருஷம் எங்கள் ஊர் பஜனை கோஷ்டியோடு நடந்துவிட்டேன். கவரைப்பேட்டை, சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர் வழியாக நாலு நாள் நடை. போன வருஷம் ஏழாவது, கடைசி நடை.

அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் வலது குதிகாலில் ஆணி ஏறினது போல இருக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் குறையும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரி கஸ்தூரி ஒரு டப்பில் வெந்நீர் ஊற்றி உப்பு போட்டு வைத்தாள். நான் கால் இரண்டையும் வைத்துக்கொண்டு செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்தவள் தண்ணீரில் கை வைத்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, இவ்ளோ சுடுது. எப்டி கால வெச்சிக்கினு குந்திக்கினுகீறீங்க?"

"கம்பெனி கால்டி. தோல் தடிச்சிப்போச்சு."

பெருமையாகத்தான் சொன்னேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரேவதி பஜாரிலிருந்து ஜெல்லி போல அமுங்குகிற ஒரு குதிகால் திண்டு வாங்கி வந்தாள். கடையில் எல்லோரும் செய்வதுபோல அவளும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்ததை எடுத்திருக்கிறாள். ஒரு வாரம் சொகுசாக இருந்தது. அப்புறம் அது அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. சரி, பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டு, ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். அரசு மருத்துவமனை. அங்கே சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெளியே பெஞ்சில் என்னைப்போல நாற்பது ஐம்பது பேர். எல்லோர் காலிலும் பெரிய பெரிய கட்டு. நான் பெருமாள் நாமத்தைச் சொல்லிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா குதிகாலை அமுக்கினார். உயிர் போயிற்று. குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்தின் அடியில் வில்லில் கட்டிய நாண் போல ஒரு நார்ப்பட்டை ஓடுகிறதாம். நின்று நின்று அது இழுபட்டு, குதிகாலில் ஒட்டுகிற இடத்தில் புண்போல ஆகிவிடுகிறது. அதுதான் வலி. பயப்பட ஒன்றும் இல்லை, உள்ளங்காலின் வளைவைத் தாங்குகிற மாதிரி ஷூவுக்குள் உள்சோல் போட்டால் குறையும் என்றார். பிறகு, சர்க்கரை இருப்பதால் இன்னொரு சோதனையும் பார்க்க வேண்டும் என்று பேனா போன்ற ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் நூல்.

"கண்ண மூடிக்கோங்க. பாதத்துல இத தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க. தெரியலன்னா சும்மா இருங்க."

கண்ணை மூடினேன். குதிகாலில் தொட்டார், தெரிந்தது. நடுவில் தொட்டார், லேசாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தொடுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. காலில் மரப்பு இருந்தால் வெறும் காலோடு நடக்கக்கூடாது என்று வெளியே சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்ததைப் படித்திருந்தேன். ஏழாவது நடைக்கு இன்னும் ஆறே வாரம். இமையைக் கொஞ்சம் திறந்தேன். டாக்டரம்மாவின் கை தெரிந்தது. கை இறங்கும்போதெல்லாம் ஆமாம் என்றேன். பெருவிரல், ஆமாம். விரலுக்குக் கீழே சதைத் திரட்சி, ஆமாம்.

"பரவாயில்லையே. ஒம்பது வருஷ சுகருக்கு உணர்ச்சி நல்லாவே இருக்கு" என்று சீட்டில் எழுதினார். எனக்குப் பரீட்சையில் தேறினதுபோல ஒரு சந்தோஷம்.

சீட்டோடு கீழ்த்தளத்துக்குப் போனேன். ஷூ ரூம் என்று சொல்கிற பட்டறை அது. ரப்பரும் பசையும் கலந்த வாசனை. அங்கே சோல் செய்து கொடுப்பவர் தேவராஜ் சார். ஐம்பது வயது இருக்கும், காதில் பென்சில். ஒரு தாளில் என்னை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு மேஜைமேல் இரண்டு உள்சோலை எடுத்து வைத்தார்.

ஒன்று தடியாக, மெத்தென்று, குதிகாலிலிருந்து விரல்நுனி வரைக்கும் முழு நீளம். இன்னொன்று கெட்டி. நடுவில் மேடு எழும்பி, விரலுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிற முக்கால் நீளம். நான் வழக்கம்போல மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.

"வெரலால அமுக்கினா எல்லாம் சொகமாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். "அது மேல நிக்கப்போறது வெரல் இல்ல, நீங்க. வளைவ தூக்கி பிடிக்கணும்னா கொஞ்சம் கெட்டியா இருக்கணும். அதுக்கு இந்த முக்கா சோல்தான் சரி. ஆனா மரப்பு இருக்கறவங்களுக்கு கெட்டி ஆகாது, ஓரம் குத்தினா அவங்களுக்கு தெரியாது. அவங்களுக்குத்தான் இந்த மெத்த, முழு நீளம். உங்களுக்கு மரப்பு இருக்கா?"

"இல்ல சார். சீட்ல எழுதிகீறாங்க பாருங்க."

சீட்டைப் பார்த்தார். கெட்டி சோலை எடுத்தார். "இது ஷூவுக்குள்ளதான் இருக்கணும். ஷூதான் இத நகராம பிடிச்சிக்கும். மொத நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்க, கழட்டி அடிப்பாதத்த பாருங்க, செவந்திருந்தா எங்கிட்ட வாங்க." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

ஷூவுக்குள் போட்டு வேலைக்குப் போனேன். நிஜமாகவே பத்து நாளில் குதிகால் வலி பாதியாகக் குறைந்தது. அதனால்தான் அடுத்த யோசனை வந்தது. செருப்புதானே போடக்கூடாது என்று வேண்டினேன், இது செருப்பு இல்லையே.

கிளம்புகிற அன்று காலையில் பெருமாள் கோவில் வாசலில் எல்லோரும் மஞ்சள் துணியோடு கூடியிருந்தோம். கோஷ்டிக்குத் தலைவர் பக்தவச்சலம் அண்ணன். முன்பு லாரி ஓட்டியவர், எங்களுக்குள் சாஸ்திரம் கேட்கவேண்டுமென்றால் அவரிடம்தான். சோலை எடுத்துக் காட்டினேன்.

"அண்ணே, இத்த கால்ல கட்டிக்கினு மேல சாக்ஸ் போட்டுக்கினா வேண்டுதலுக்கு பங்கம் வருமா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோலா?"

"இல்லண்ணே. பிளாஸ்டிக் மாரி."

"வாரு கீதா?"

"இல்ல."

"தோலும் இல்ல, வாரும் இல்ல. அப்ப செருப்பு இல்ல. கட்டிக்கோ."

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சேகர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னா ஏழுமல, பெருமாளாண்டயே வக்கீல் வெச்சிக்கினு போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரேவதியின் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சோலைப் பாதத்தோடு சுற்றிக் கட்டி மேலே சாக்ஸை இழுத்துவிட்டேன். தார் ரோட்டுச் சூட்டுக்குச் சாக்ஸ் போடுவது எங்கள் கோஷ்டியில் வழக்கம்தான், யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

முதல் நாள் குதிகால் வலியே இல்லை. சத்தியவேட்டில் உட்கார்ந்தபோது சேகரிடம் சொன்னேன், "வலி சுத்தமா இல்லடா. ஏழாவது வருஷம்னு பெருமாளே தூக்கிக்கினு போறாரு." அப்படியேதான் நம்பினேன். இரண்டாவது நாள் வேர்வையில் கட்டு தளர்ந்து சோல் முன்னுக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. உட்காரும் இடத்திலெல்லாம் பின்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அதன் முன் ஓரம், கத்தியைப்போல மெலிந்த அந்தக் கெட்டி ஓரம், பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில் அடிக்கு அடி வெட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

மூன்றாவது நாள் புத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு பந்தலில் நடப்பவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். சிமெண்ட் தரையில் நடந்து இலைக்கு முன்னால் உட்காரப் போனேன். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு தெலுங்கு அம்மா, கையில் சாம்பார் வாளியோடு நின்று, "நைனா, நீ காலு சூடு, காலு சூடு" என்றார்.

"ஆமாம்மா, ரோடே சூடுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த அம்மா இன்னும் ஏதோ சொன்னார். பின்னால் இருந்தவர்கள் கூப்பிட்டதும் வாளியோடு போய்விட்டார்.

தெலுங்கில் சூடு என்றால் பார் என்று அர்த்தம். காலைப் பார் என்று சொல்லியிருக்கிறார். ஆந்திர எல்லையை ஒட்டி இத்தனை வருஷம் வாழ்ந்தவனுக்கு அந்த வார்த்தை தெரியாதா? கம்பெனியில் பாதிப்பேர் தெலுங்குதான் பேசுகிறார்கள். ஆனால் காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது. நான் நடந்து வந்த தரையில் என்ன பதிந்திருந்தது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். அந்த அம்மாவின் முகம் ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை என் முன்னால் வந்து நின்றது.

அலிபிரியில் படியேறி, வரிசையில் நின்று, தரிசனமும் ஆயிற்று. கும்பிடும்போது கண்ணீர் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் சாக்ஸைக் கழற்றினேன். பழுப்பும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு குழி. வீடு வந்ததும் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி மஞ்சள்தூளை அப்பினேன். வேண்டுதல் முடிந்ததும் புண் என்று சொன்னால் கஸ்தூரி மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் திட்டுவாள் என்ற பயம். ஐந்து நாள் வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆறாவது நாள் குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது. கஸ்தூரி போர்வையைச் சரிசெய்ய வந்தவள் மூக்கைச் சுளித்தாள். சாக்ஸை அவளே உருவினாள். ரேவதியைக் கூப்பிட்டு, "ஆம்புலன்ஸுக்கு போன் போடுமா, நைனாக்கு கால்ல இன்னாவோ ஆயிட்சி" என்றாள்.

சென்னைக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். காலில் ஜெல்லி தடவி, பேனா போன்ற ஒரு கருவியை வைத்தார்கள். அதில் ரத்தம் ஓடுகிற சத்தம் புஸ் புஸ் என்று கேட்டது. ரத்த ஓட்டம் இருக்கிறது, அது நல்லது என்றார்கள். புண்ணுக்குள் மெல்லிய கம்பியை விட்டபோது அது எலும்பில் போய் இடித்தது. எலும்புக்குள் சீழ் இறங்கிவிட்டது, அந்த எலும்பை வைத்துக்கொண்டு மருந்து போட்டுப் பயனில்லை என்றார் அறுவை டாக்டர். மறுநாளே இரண்டு விரலையும் அதற்குப் பின்னால் உள்ள கெட்டுப்போன சதையையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பயம் அதோடு தீரவில்லை. கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறியிருந்தது. டாக்டர் ஒரு மார்க்கர் பேனாவால் அந்தச் சிவப்பு முடிகிற இடத்தில் என் காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

"இந்த கோட்ட தாண்டி மேல போச்சுன்னா, முட்டிக்கு கீழ எடுக்க வேண்டி வரும். உயிருக்கு ஆபத்து வரக்கூடாது பாருங்க. மூணு நாள் பாக்கலாம்."

அந்த மூன்று நாளைப் பற்றி என்ன எழுதுவது. எனக்குக் குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. காலையில் கஸ்தூரி வார்டுக்குள் வருவாள். பெண்களுக்கு வார்டில் தங்க அனுமதி இல்லாததால் வெளி மண்டபத்தில் துண்டு விரித்துப் படுப்பாள். வந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பாள்.

"தாண்டல. அங்கியேதான் கீது."

அதற்கப்புறம்தான் எனக்கு இட்லி இறங்கும். அவள்தான் மருந்துச் சீட்டோடு மூன்றாவது மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடுவாள், ரத்தப் பரிசோதனைக் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவாள், ரிசல்ட்டுக்கு வரிசையில் நிற்பாள். ரேவதி வேலை முடிந்து ரயிலில் வந்து, உப்பு குறைத்த ரசம் சாதத்தை ஊட்டிவிட்டுப் போவாள். அந்தக் குழந்தை பிழைத்ததற்குத்தானே நடந்தேன் என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எனக்காகன்னு சொல்லாத நைனா" என்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் அழுதாள்.

ஆபரேஷனுக்கு அடுத்த நாள் டாக்டரம்மா என் பழைய சீட்டோடு வந்தார். கூடத் தேவராஜ் சார்.

"ரெண்டு மாசம் முன்னாடி உணர்ச்சி நார்மல்னு நானே எழுதியிருக்கேன். இவ்ளோ சீக்கிரம் எப்படி போகும்? தேவராஜ், கெட்டி சோல் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் செக் பண்ணீங்களா?"

தேவராஜ் சார் கட்டுப் போட்ட என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல மேடம். சீட்ட நம்பி குடுத்துட்டேன். ஒரு தரம் கை வெச்சு பாத்திருக்கணும். என் தப்புதான்."

செருப்பில்லாமல் துணியால் கட்டிக்கொண்டு நடந்ததை அட்மிஷனிலேயே சொல்லியிருந்தேன். அதைச் சொல்ல வெட்கம் இல்லை, அது பக்தி. இமையைத் திறந்து பார்த்ததை எப்படிச் சொல்வது? தேவராஜ் சார் போகும்போது, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அன்று சாயங்காலமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன்.

கோஷ்டிக்காரர்கள் லட்டு பிரசாதத்தோடு பார்க்க வந்தார்கள். பக்தவச்சலம் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, "நான் கட்டிக்கோன்னு சொல்லாம இருந்திருக்கணும்டா" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சேகர்தான் நிலைமையை மாற்றப் பார்த்தான். "சக்கர ஆளுக்கு லட்டு கொண்டாந்துகீறோம். நர்ஸம்மா பாத்தா நம்ம காலையும் எடுத்துருவாங்க." அண்ணன் ஒரு துளி கிள்ளி என் வாயில் வைத்தார். தன் மேல்தான் குற்றம் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். சொன்னவர் மேலும் கொடுத்தவர் மேலும் பழி போய்க்கொண்டிருக்க, நான் கட்டிலில் பத்திரமாகப் படுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கஸ்தூரி போர்வையை விலக்கினாள். குனிந்தாள். கோட்டில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"எறங்கிகீதுங்க. கோட்டுக்கு ஒரு வெரக்கட கீழ வந்துகீது. பெருமாளு காப்பாத்திட்டாரு."

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். நூல் வைத்துத் தொட்டபோது தெரியவில்லை, டாக்டரம்மா கையைப் பார்த்து ஆமாம் போட்டேன் என்று. அவள் கை அப்படியே நின்றது.

"அந்த மனுஷன் தெனமும் வந்து உங்க காலப் பாத்துட்டு போறாரு" என்றாள். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போய் அவராண்ட சொல்லுங்க."

"நடக்க முடியலயேடி."

"நான் இட்டாறேன்."

போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். தேவராஜ் சாரிடம் முழுசாகச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சோலும் ஒரே மேஜை மேலதான் இருந்துது" என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கைய கொஞ்சம் இந்தப்பக்கம் நீட்டி மெத்தைய எடுத்திருப்பேன். அவ்ளோதான் வேல."

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அவர் சீட்டை வாங்கி, முன்பு எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இது பாஸ் ஆகறதுக்கு வெக்கிற பரீட்சை இல்லைங்க. தெரியலன்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு உங்க கால காப்பாத்த தெரியும்." இவ்வளவுதான் சொன்னார்.

இருபத்தாறு நாள் இருந்தேன். தினமும் கட்டுப் பிரித்துக் கழுவி, செத்த சதையைச் சுரண்டி எடுத்து, மறுபடி கட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் அலறுவார்கள். எனக்கு முன்பாதத்தில் வலிக்காது. சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். முன்பெல்லாம் வலி இல்லாததைப் பெருமாள் கொடுத்த வரம் என்று நினைத்தவன், அவர்கள் அலறுவதைக் கேட்டுப் பொறாமைப்பட்டேன். பெருமாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் என் வேண்டுதலை அன்றைக்கே ஏற்றுக் குழந்தையைக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இன்னொரு இடத்தில் பொய் சொன்னது நான். நடக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கால் மரத்திருந்தால் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். சோலை ஷூவை விட்டுப் பிரித்துக் கட்டாதீர்கள். எங்கே உட்கார்ந்தாலும் அடிப்பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புண் ஆறி நாலாவது மாதம் ஷூ ரூமுக்கு வரச் சொன்னார்கள். கஸ்தூரியும் வந்தாள். தேவராஜ் சார் எனக்குப் பின்வார் வைத்த ஷூ ஒன்றும், அதற்குள் மெத்தென்ற முழு நீளச் சோலும் செய்து வைத்திருந்தார். விரல் இல்லாத இடத்தில் பாதம் முன்னுக்கு ஓடாமல் இருக்கத் திண்டு வைத்து அடைத்திருந்தார். போட்டுவிட்டு, பட்டறைக்குள் நாலு தடவை நடக்கச் சொன்னார். நடந்தேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்த கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரு கால்லயே நிக்கிறீங்க?"

"சும்மாதான் சார்."

"இந்த ஸ்டூல்ல உக்காருங்க. செருப்ப கழட்டுங்க."

"எனக்கு இன்னாத்துக்கு சார். நான் ஊட்லதான கீறேன்."

அவர் கேட்கவில்லை. அவள் குதிகாலைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். கஸ்தூரி ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன். கழற்றி வைத்திருந்த அவள் ரப்பர் செருப்பையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரிந்தது.

"எத்தன நாளா?"

அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள். "மூணு வருஷம் இருக்கும் சார். காலைல எழுந்ததும்தான் பேஜாரு. அப்பால போய்டும்."

மூன்று வருஷம். அதே வீடு, அதே படுக்கை. அந்த ஆஸ்பத்திரியின் மூன்று மாடியையும் இருபத்தாறு நாள் இந்தக் காலோடுதான் ஏறி இறங்கியிருக்கிறாள். நான் ஒரு தடவை கேட்டதில்லை.

"இவளுக்கும் ஒரு சோல் போடுங்க சார்" என்றேன்.

தேவராஜ் சார் தரையில் ஒரு தாளை விரித்தார். "நில்லும்மா. ரெண்டு கால்லயும் சமமா எடைய வெச்சு நில்லுங்க."

கஸ்தூரி தாளின்மேல் ஏறி நின்றாள். ஆடாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் மெதுவாகக் கோடு போட்டார். அவர் முடிக்கிறவரைக்கும் நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.